பெண்களின் சாலை சைக்கிள் காலணி: வலி ஓரிடம், குறை வேறிடம்

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டி நோக்கியோ, உச்சிப்புளியும் மண்டபமும் கடந்து பாம்பன் பாலத்தின் மேலோ விடியற்காலையில் சைக்கிள் ஓட்டும் பெண்களிடம் கால் வலியைப் பற்றிக் கேட்டால், சீட்டின் உயரம், ஹேண்டில்பாரின் தூரம், பயிற்சிக் குறைவு என்று பல காரணங்களைச் சொல்வார்கள். காலில் கிடக்கும் காலணியின் மீது சந்தேகம் வருவது கடைசியில்தான். கிளீட் (காலணியின் அடியில் பூட்டி, பெடலில் மாட்டும் துண்டு) பொருத்திய சாலை சைக்கிள் காலணியின் அடிப்பாகம் நைலானாலோ கார்பனாலோ ஆனது. நடைக் காலணியைப் போல அது வளையாது. பாதமும் பெடலின் மேல் ஒரே இடத்தில் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலாலும் 4,800 முறை மிதிக்கிறார். கடையில் போட்டுப் பார்த்தபோது தெரியாத சிறு அழுத்தமும் இத்தனை முறை அதே இடத்தில் விழும்போது வலியாகிறது.

இந்தக் கடற்கரைக்கு ஒரு தனித்தன்மையும் உண்டு. இங்கே மலையேற்றம் கிடையாது. ஏற்றம் இருக்கும் ஊர்களில் ஓட்டுபவர் அவ்வப்போது சீட்டிலிருந்து எழுந்து மிதிப்பார். அப்போது பாதத்தின் மேலுள்ள அழுத்தம் இடம் மாறும். நமது சாலையிலோ எதிர்க்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, உட்கார்ந்த நிலையிலேயே, ஒரே விசையில் நெடுநேரம் மிதிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே காலணியின் சிறு பிழைகளைக்கூட இந்தச் சமதளம் மன்னிப்பதில்லை.

கீழே ஒவ்வோர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு காரணத்தையும் தீர்வையும் சொல்கிறேன். எந்த மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்து, குறைந்தது இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். பட்டையைத் தளர்த்தி, கிளீட்டையும் நகர்த்தி, இன்சோலையும் (காலணிக்குள் பாதத்துக்கு அடியில் விரிக்கும் அட்டை) மாற்றிவிட்டு ஓட்டினால், வலி போனாலும் எதனால் போனது என்று தெரியாது. திரும்பி வந்தால் எங்கே கை வைப்பது என்றும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் முன்: பாதத்தின் அளவு

அளவை மாலையில் எடுங்கள். நாள் முழுவதும் நின்று நடந்த பாதம் காலையில் இருந்ததைவிடச் சற்றுப் பெருத்திருக்கும். சுவரை ஒட்டித் தரையில் ஒரு தாளை வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி, உடல் எடை முழுவதும் அந்தக் காலில் விழும்படி நில்லுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இன்னொருவர் வரைவது நல்லது. தானே குனிந்து வரைந்தால் எடை இடம் மாறி அளவு பிசகும். நீளம் என்பது சுவரிலிருந்து மிக நீண்ட விரலின் நுனி வரை. சிலருக்கு அது கட்டைவிரலாக இராமல் இரண்டாவது விரலாக இருக்கும். அகலம் என்பது கட்டைவிரலின் அடி மூட்டுக்கும் சுண்டுவிரலின் அடி மூட்டுக்கும் இடைப்பட்ட தூரம். இரண்டு கால்களையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

சைக்கிள் காலணிகள் பெரும்பாலும் ஐரோப்பிய எண்களில் வருகின்றன. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 6.7 மி.மீ. வித்தியாசம். செருப்புக் கடையில் நீங்கள் சொல்லிப் பழகிய 5, 6 என்ற எண்களை இங்கே மறந்துவிடுவது நல்லது, ஏனெனில் அவை ஒரு தயாரிப்புக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் பாத நீளத்தைச் செ.மீ. கணக்கில் தரும் அட்டவணையை வெளியிடுகிறது. அதைத்தான் பார்க்க வேண்டும். ஷிமானோவின் அட்டவணையில் 37 என்பது 23.2 செ.மீ. பாதத்துக்கும், 38 என்பது 23.8 செ.மீ. பாதத்துக்கும், 39 என்பது 24.5 செ.மீ. பாதத்துக்கும் உரியது.

இப்போது இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படையான செய்திக்கு வருகிறேன். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம் பெண்களின் பாதம் முன்பக்கம் விரிந்தும் குதிகாலில் ஒடுங்கியும் இருப்பது இயல்பு. முன்பக்கம் இறுக்குகிறது என்றதும் கடைக்காரரும் நண்பர்களும் சொல்லும் முதல் ஆலோசனை, "ஒரு நம்பர் பெருசா எடுத்துக்குங்க" என்பதுதான். எண்ணைக் கூட்டினால் அகலம் கொஞ்சம் கூடும். அதைவிட அதிகமாக நீளம் கூடும், குதிகால் குழியும் பெரிதாகும். அகலக் குறைவை நீளத்தால் ஈடு கட்டியதால் வந்த வலிகள்தாம் கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பகுதி. நல்ல பொருத்தம் என்பது குதிகாலும் புறங்காலும் அசையாமல் பிடிபட்டிருக்க, விரல்கள் தாராளமாக அசைய இடம் இருப்பது. மிக நீண்ட விரலுக்கு முன்னால் 5 முதல் 10 மி.மீ. வரை காலியிடம் போதும்.

விரல்கள் மரத்துப் போகின்றன. முன்பாதம் தீயாக எரிகிறது

மிக அதிகமாகக் கேட்கும் முறையீடு இதுதான். முன்பாதத்தின் நீள எலும்புகளுக்கு இடையே விரல்களுக்குச் செல்லும் நரம்புகள் ஓடுகின்றன. காலணி பக்கவாட்டில் நெருக்கினால் அந்த எலும்புகள் ஒன்றையொன்று நெருங்கி, இடையிலுள்ள நரம்பை அழுத்தும். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு இடையே கூர்மையான எரிச்சலோ, காலணிக்குள் சிறு கல் கிடப்பதைப் போன்ற உணர்வோ இருந்தால், அந்த இடத்து நரம்பு உறுத்தப்படுகிறது என்று கொள்ளலாம்.

முதலில் செய்ய வேண்டியது செலவில்லாதது. காலணியில் இரண்டு அல்லது மூன்று பட்டைகளோ டயல்களோ (கம்பியைச் சுழற்றி இறுக்கும் குமிழ்கள்) இருந்தால், விரல்களுக்கு அருகிலுள்ளதை நன்றாகத் தளர்த்தி, கணுக்காலுக்கு அருகிலுள்ளதை மட்டும் இறுக்கி ஓட்டிப் பாருங்கள். காலைப் பிடித்து வைக்கும் வேலை மேல் பட்டையுடையது. முன்பட்டை வெறுமனே தொட்டுக்கொண்டிருந்தால் போதும். எல்லாப் பட்டைகளையும் ஒரே அளவில் இறுக்கும் பழக்கத்தை விட்ட மாத்திரத்தில் பலருக்கு மரத்துப்போதல் நின்றுவிடுகிறது.

அதிலும் தீரவில்லை என்றால் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் எடை முழுவதும் விழ நில்லுங்கள். பாதத்தின் சதை இன்சோலின் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்தக் காலணி உங்களுக்கு அகலத்தில் போதாது. வேறு எந்தச் சரிசெய்தலும் அதை முழுமையாகத் தீர்க்காது. ஓரிரு மாதம் பயன்படுத்திய இன்சோலாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்கலாம். வியர்வையும் அழுக்கும் படிந்து விரல்களின் தடம் அதில் கருமையாகப் பதிந்திருக்கும். ஐந்து விரல்களும் தனித்தனி வட்டங்களாகத் தெரிந்தால் நல்லது. சுண்டுவிரலின் தடம் விளிம்பில் பாதியாக வெட்டுப்பட்டோ, நான்காவது விரலோடு சேர்ந்து ஒரே கறையாகவோ இருந்தால், அந்த இடத்தில் நெருக்கம் இருக்கிறது. இந்தத் தடத்தை அளவெடுத்த தாளின் மேல் பொருத்திப் பார்த்தால், எத்தனை மி.மீ. குறைகிறது என்பதே தெரிந்துவிடும்.

அகலம் போதுமானதாக இருந்தும் எரிச்சல் வந்தால் கிளீட்டைப் பார்க்க வேண்டும். கிளீட் மிகவும் முன்னால் இருந்தால் மிதிக்கும் விசை முழுவதும் விரல் மூட்டுகளுக்கு அடியிலேயே குவியும். காலணியைப் போட்டுக்கொண்டு கட்டைவிரலின் அடி மூட்டையும் சுண்டுவிரலின் அடி மூட்டையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, காலணியின் பக்கவாட்டில் சிறு ஒட்டுத்தாளால் குறியிடுங்கள். பெடலின் அச்சு இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவில் வருமாறு கிளீட்டை வைப்பது நல்ல தொடக்கம். எரிச்சல் இருப்பவர்கள் அதிலிருந்து இரண்டு மூன்று மி.மீ. குதிகாலை நோக்கி நகர்த்தலாம். அவ்வாறு நகர்த்தினால் சீட்டையும் ஓரிரு மி.மீ. இறக்க வேண்டி வரலாம். அதன் பிறகும் எஞ்சும் எரிச்சலுக்கு, விரல் மூட்டுகளுக்குச் சற்றுப் பின்னால் சிறு மேடு உள்ள இன்சோல் உதவும். அந்த மேடு எலும்புகளைச் சற்றே விரித்துக் கொடுக்கிறது. மூட்டுகளுக்கு நேர் அடியில் வைத்தால் வலியைக் கூட்டும் என்பதால் இடம் முக்கியம்.

திருமணமான பெண்கள் மெட்டியை மறக்கக் கூடாது. கடைகளில் இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சைக்கிள் காலணியைப் பற்றிய வழிகாட்டிகளிலும் இது இருப்பதில்லை. இரண்டாவது விரலைச் சுற்றிய வெள்ளி வளையம், முன்பக்கம் ஒடுங்கிய காலணிக்குள் கட்டைவிரலுக்கும் மூன்றாவது விரலுக்கும் நடுவே ஆப்பாக நிற்கிறது. ஓட்டி முடித்து காலுறையைக் கழற்றியதும் பாருங்கள்: மூன்றாவது விரலின் உட்புறத்தில் மெட்டியின் பூவேலையே அச்சாகப் பதிந்திருந்தால், மரத்துப்போவதற்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. மெட்டியைக் கழற்ற விருப்பமில்லாதவர்கள், கற்கள் பதித்த, முத்து வைத்த வகைகளை விட்டு மெல்லிய தட்டையான வளையத்துக்கு மாறலாம். இரண்டு மூன்று சுற்றுள்ள மெட்டியை ஒற்றைச் சுற்றாக்கலாம். பாதத்தை அளக்கும்போது மெட்டியோடுதான் அளக்க வேண்டும், காலணியைப் போட்டுப் பார்ப்பதும் மெட்டியோடுதான்.

காலணியைக் கழற்றிய பின்னரும் மணிக்கணக்கில் மரத்துப்போதல் நீடித்தால், அல்லது வீட்டில் சும்மா இருக்கும்போதும் வந்தால், காலணியைச் சரிசெய்துகொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் காத்திருக்கவே கூடாது; உணர்வு குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தாலும் தெரியாமல் புண்ணாகிவிடும்.

போகும்போது சரியாக இருக்கிறது, திரும்பும்போது இறுக்குகிறது

இது காலணியின் பிழையாக இல்லாமலும் இருக்கலாம். இருட்டோடு கிளம்பி ராமேசுவரம் போய் வெயிலேறத் திரும்புபவரின் பாதம் வெப்பத்தாலும் நெடுநேர மிதிப்பாலும் வீங்கும். இருபது நிமிடத்துக்குள் வரும் வலி அளவுப் பிழையைக் காட்டுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து வருவது பெரும்பாலும் வீக்கத்தையே காட்டுகிறது. கிளம்பும்போது மேல் பட்டையைத் தவிர மற்றவற்றைத் தளர்வாக விட்டு, தேநீருக்கு நிற்கும் இடத்தில் ஒரு படி தளர்த்திவிட்டுத் திரும்புங்கள். டயலில் இரண்டு வகை உண்டு: ஒன்று இரு பக்கமும் திரும்பிச் சிறிது சிறிதாகத் தளர்வது, மற்றது இறுக்க மட்டுமே திரும்பி, இழுத்தால் ஒரேயடியாக அவிழ்வது. இந்த வெயிலில் ஓட்டுபவர்களுக்கு முதல் வகைதான் ஏற்றது என்பது என் கருத்து.

தடித்த பருத்திக் காலுறையும் இதே தொல்லையைத் தரும். கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது. பருத்தி அதை உறிஞ்சிப் பருத்து, காலணிக்குள் இருந்த கொஞ்ச இடத்தையும் அடைத்துக்கொள்ளும். விளையாட்டுக்கென்றே செய்த மெல்லிய செயற்கை நூல் உறை நல்லது. பாலத்தின் மேலும் அரிச்சல்முனைச் சாலையிலும் நேராகவே போய்க்கொண்டிருக்கும்போது, பத்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது சீட்டிலிருந்து எழுந்து சில சுற்று மிதியுங்கள், அல்லது மிதிப்பதை நிறுத்தி விரல்களை மடக்கி நீட்டுங்கள். ஏற்றம் செய்து தராததை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

குதிகால் தூக்குகிறது

பெடல் கீழிருந்து மேலே வரும்போது குதிகால் காலணியை விட்டு எழுந்து இறங்குவதைத்தான் சொல்கிறேன். நடக்கும்போது எழுவதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வளையாத அடிப்பாகத்தோடு நடந்தால் எந்தக் குதிகாலும் சிறிது எழத்தான் செய்யும். சாலையோரக் கருவேல முள்ளில் டயர் பஞ்சராகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறவருக்கு எல்லாக் காலணியும் தளர்வாகவே தோன்றும். சைக்கிளின் மேல் உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி மிதித்துப் பாருங்கள். அல்லது ஓட்டும்போது எதிர்க்காற்றில் காலை வேண்டுமென்றே மேலே இழுத்துப் பாருங்கள். ஆடி மாதத்தில் தென்மேற்கிலிருந்து காற்று வீசும்போது ராமேசுவரத்திலிருந்து மண்டபம் நோக்கித் திரும்புகிற பயணம் இதற்கு நல்ல சோதனை. வாடைக்காற்றுக் காலத்தில் அதே சோதனையைத் தொண்டி நோக்கிப் போகும்போது செய்யலாம்.

எழுகிறது என்றால் வரிசையாக மூன்றைப் பாருங்கள். முதலாவது, காலணியைப் போட்ட முறை. குதிகாலைத் தரையில் இருமுறை தட்டிப் பின்சுவரோடு ஒட்டச் செய்து, அதன் பிறகு மேல் பட்டையை இறுக்க வேண்டும். விரல் பக்கமிருந்து இறுக்கத் தொடங்குபவர்களின் பாதம் முன்னாலேயே தங்கிவிடும். இரண்டாவது, நீளம். பட்டைகளை அவிழ்த்து, விரல் நுனி காலணியின் முன்சுவரைத் தொடும் வரை பாதத்தை முன்னே தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடம் இருந்தால் சரி. கட்டைவிரல் தாராளமாக நுழைந்தால் காலணி நீளம். மூன்றாவது, குதிகால் குழியின் அகலம். நீளம் சரியாக இருந்தும், குதிகாலின் இரண்டு பக்கமும் விரல் நுனி நுழையும் அளவுக்கு வெளி தெரிந்தால், குழி உங்கள் குதிகாலுக்குப் பெரிது.

மூன்றாவது வகைதான் பெண்களை அதிகம் படுத்துகிறது. ஒரே நீளமுள்ள ஆண் பாதத்தோடு ஒப்பிட்டால் பெண் பாதத்தின் குதிகால் பொதுவாக ஒடுங்கியது, புறங்காலின் சுற்றளவும் குறைவு. ஆண்களுக்கான அச்சில் செய்த காலணியின் சிறிய எண்ணை வாங்கும்போது நீளம் சரியாகவும், பின்பக்கம் தொளதொளவென்றும் அமைவது இதனால்தான். குதிகால் குழியின் உட்புறத்தில் ஒட்டும் மெல்லிய பஞ்சுப் பட்டைகள் கிடைக்கின்றன. இரண்டு பக்கமும் ஒட்டினால் ஓரளவு சரியாகும். பின்சுவரின் நடுவில் ஒட்டாதீர்கள். அது பாதத்தை முன்னே தள்ளி விரல்களின் இடத்தைத் தின்றுவிடும். சற்றுத் தடித்த இன்சோலும் புறங்காலைப் பட்டைக்கு அருகே கொண்டுவந்து பிடிமானத்தைக் கூட்டும். இவ்வளவுக்குப் பிறகும் எழுந்தால் அந்தக் காலணியை வைத்துக்கொண்டு போராடாதீர்கள். பெரும்பாலான காலணிகளில் குதிகால் குழியையே சுருக்க வழி கிடையாது.

கட்டைவிரல் நகம் கறுக்கிறது

நகம் கறுத்தால் காலணி சிறிது என்று எல்லாரும் முடிவு செய்கிறார்கள். பாதிப் பேருடைய விஷயத்தில் நேர்மாறானதே உண்மையாக இருக்கக் கண்டிருக்கிறேன்: காலணி பெரிது, குதிகால் பிடிபடவில்லை, ஒவ்வொரு மிதியிலும் பாதம் முன்னே வழுக்கி நகம் முன்சுவரில் இடிக்கிறது. மேலே சொன்ன குதிகால் சோதனையைச் செய்து, குதிகால் எழாதவர்கள் மட்டுமே எண்ணைக் கூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பதையும் மறக்காதீர்கள்.

புறங்காலில் வலி, பட்டையின் தடம்

புறங்காலின் நடுவே விரல்களை உயர்த்தும் நாண்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. குறுகிய பட்டையோ டயலின் கம்பியோ அதன் குறுக்கே அழுத்தினால், மறுநாள் படியிறங்கும்போதுகூட வலிக்கும். காலணியின் நாக்கு நடுவில் இருக்கிறதா, மடிந்து கிடக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுவே காரணம். கயிறு கட்டும் காலணியாக இருந்தால் வலிக்கும் இடத்துக்கு நேரான துளைகளை மட்டும் குறுக்கே போகாமல் பக்கவாட்டில் மேலேற்றிக் கட்டலாம். புறங்கால் மேடாக உள்ளவர்கள் மெல்லிய இன்சோலுக்கு மாறினால் உள்ளே உயரம் கிடைக்கும். இந்த வலியோடு குதிகாலும் எழுகிறது என்றால், எழும் குதிகாலைப் பிடித்து நிறுத்தவே பட்டையை அளவுக்கு மீறி இறுக்குகிறீர்கள். தீர்வு குதிகாலில் இருக்கிறது.

கட்டைவிரல் மூட்டின் பக்கத்தில் உரசல், சுண்டுவிரலில் காய்ப்பு

கட்டைவிரலின் அடி மூட்டு வெளியே புடைத்திருப்பவர்களுக்குக் காலணியின் உட்பக்கத் தையல் எந்த இடத்தில் வருகிறது என்பதே முக்கியம். புடைப்பின் மேல் தையலோ, பட்டை தொடங்கும் இடமோ வராத மாதிரியை எடுக்க வேண்டும். தோலால் ஆன மேற்பகுதி என்றால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, மரக்கட்டை வைத்து அந்த ஓர் இடத்தை மட்டும் சற்று விரிக்கலாம். செயற்கைத் தோல் அவ்வளவாக விரியாது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். பின்னல் துணியால் ஆன மேற்பகுதி புடைப்புக்கு இடம் கொடுக்கும். சுண்டுவிரலில் காய்ப்பு இருந்தால் அகலமே போதவில்லை. அடுத்த காலணியை அகல வகையில் பாருங்கள். ஷிமானோ, லேக் போன்ற நிறுவனங்கள் சில மாதிரிகளை அதே நீளத்தில் அகலமாகவும் செய்கின்றன.

கணுக்கால் எலும்பு உரசுகிறது

காலணியின் மேல் விளிம்பு வெளிக் கணுவின் எலும்புக்குக் கீழே நிற்க வேண்டும். அதன் மேல் ஏறினால் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் உரசும். குதிகாலுக்கு அடியில், இன்சோலின் கீழே, இரண்டு மூன்று மி.மீ. தடிமனுள்ள அட்டையை வைத்துக் காலை உயர்த்தினால் போதும். கொலுசு அணிபவர்கள் ஓட்டும் நேரத்தில் அதைக் கழற்றி வைப்பதே பாதுகாப்பு. காலணியின் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே சிக்கிப் புண்ணாக்குவது ஒரு பக்கம். வலக்காலில் செயினோடு மாட்டும் ஆபத்து அதைவிடப் பெரிது.

உள்ளங்கால் வளைவில் நோவு

காலணியோடு வரும் இன்சோல் பெரும்பாலும் தட்டையான மெல்லிய அட்டைதான். வளைவு உயரமாக உள்ளவரின் பாதம் அதன் மேல் அந்தரத்தில் நிற்கும். தட்டைப் பாதம் உள்பக்கம் சரியும். இரண்டுக்குமே வளைவைத் தாங்கும் இன்சோல் வேண்டும். ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் ஒரு முறை நின்றெழுந்தால் வளைவின் உயரம் உங்களுக்கே தெரிந்துவிடும். புது இன்சோலைப் போட்டதும் உள்ளே இடம் குறையும் என்பதால் பட்டைகளை மறுபடியும் சரிசெய்ய வேண்டும்.

ஒரு காலில் மட்டும் தொல்லை

"அக்கா, இந்தக் கால் மட்டுந்தான் மரத்துப் போகுது, அந்தக் கால் ஒண்ணுமே செய்யல" என்று மண்டபத்தைச் சேர்ந்த ஒரு தங்கை காட்டிய காலை அளந்தபோது, தொல்லை தந்த கால் மற்றதைவிட 4 மி.மீ. நீளமாக இருந்தது. இரண்டு பாதங்களும் சமமாக இல்லாதது மிகச் சாதாரணம். பெரிய பாதத்துக்குப் பொருந்தும் காலணியை எடுத்து, சிறிய பாதத்தின் பக்கம் தடித்த இன்சோலாலும் குதிகால் பட்டையாலும் இடத்தை நிரப்புவதே முறை. சிறிய பாதத்துக்கு வாங்கிவிட்டுப் பெரிய பாதத்தை அடக்க எந்த உபாயமும் இல்லை. பாதங்கள் சமமாக இருந்தும் ஒரு பக்கம் மட்டும் வலித்தால், இரண்டு கிளீட்டுகளும் ஒரே இடத்தில்தான் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

காலணி வசதியாக இருக்கிறது, முழங்கால் வலிக்கிறது

இதில் முதல் சந்தேகம் கிளீட்டின் கோணத்தின் மீது விழ வேண்டும். மேசையின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, பாதம் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள்; கிளீட்டும் அதே கோணத்தை அனுமதிக்க வேண்டும். ஷிமானோவின் மூன்று போல்ட் கிளீட்டுகளில் சிவப்பு கொஞ்சமும் அசையவிடாது, நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி வரை பாதத்தைத் திரும்பவிடும். லுக் நிறுவனத்தின் கியோ வகையில் கறுப்பு அசையாதது, சாம்பல் 4.5 டிகிரி, சிவப்பு 9 டிகிரி. ஒரே சிவப்பு நிறம் இரண்டு நிறுவனங்களிலும் நேரெதிரான பொருள் தருவதால், நிறத்தை மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் அசைவுள்ள வகையையே எடுக்க வேண்டும்.

முன்பு சரியாக இருந்த காலணி இப்போது பொருந்தவில்லை

கடற்கரையில் ஓட்டுபவர்கள் இதற்கு மணலையும் உப்பையும் முதலில் சந்தேகிக்கலாம். தனுஷ்கோடிப் பக்கம் இறங்கி நடந்துவிட்டுக் கிளீட்டை மாட்டினால், அதன் இடுக்கிலுள்ள மணல் பெடலோடு சேர்ந்து அரைத்து விரைவில் தேய்த்துவிடும். தேய்ந்த கிளீட் பெடலின் மேல் பக்கவாட்டில் ஆடும். காலணி தளர்ந்துவிட்டதாக அது ஏமாற்றும். காலணியைக் கையால் பிடித்துப் பெடலில் மாட்டி ஆட்டிப் பார்த்தால் வித்தியாசம் புலப்படும். டயலின் பற்களுக்கிடையே உப்பும் மணலும் புகுந்தால் இறுக்கம் நிற்காமல் ஓடும்போதே நழுவும். நன்னீரில் கழுவி, பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் அடிப்பாகத்தின் பசை இளகும்.

கிளீட் போல்ட்டுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து அறுகோணக் குழி தேய்ந்துபோனால், பிறகு கிளீட்டை ஒரு மி.மீ.கூட நகர்த்த முடியாது. பூட்டும்போதே புரிகளில் சிறிது கிரீஸ் தடவி, 4 மி.மீ. ஆலன் கீயால், 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் முறுக்கத்துக்கு இறுக்குங்கள்.

பாதமே மாறியிருக்கவும் கூடும். கர்ப்ப காலத்தில் உடலின் இணைப்புத் திசுக்கள் இளகி, உள்ளங்கால் வளைவு தாழ்ந்து, பாதம் நீள்வதும் அகலமாவதும் உண்டு. பிரசவத்துக்குப் பிறகும் சிலருக்கு அது பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. குழந்தை பெற்ற பின் மறுபடியும் சைக்கிளைத் தொடும் பெண்கள், பழைய காலணியில் வலியைப் பொறுத்துக்கொண்டு ஓட்டாமல் பாதத்தைப் புதிதாக அளக்க வேண்டும்.

எதுவும் சரிவரவில்லை, புதிய காலணிதான்

முடிந்தால் மதுரைக்குப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். போகும்போது ஓட்டும்போது அணியும் உறையையும், நீங்களே வைத்திருக்கும் இன்சோலையும், அளவெடுத்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள். இணையத்தில் வாங்குவதானால் திருப்பி அனுப்பும் வசதி இருப்பதை உறுதி செய்துகொண்டு, கிளீட் பூட்டாமல் வீட்டுக்குள் மாலை நேரத்தில் அரை மணி நேரமாவது போட்டு உட்கார்ந்திருங்கள். கிளீட்டின் பற்கள் அடிப்பாகத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால் பொருளைத் திரும்பப் பெற மாட்டார்கள். பெண்களுக்கானது என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சில மாதிரிகளில் நிறம்தான் மாறியிருக்கும், அச்சு மாறியிருக்காது. குதிகால் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள், விரல்கள் விரிகின்றனவா என்று அடுத்துப் பாருங்கள், எடையையும் கார்பன் அடிப்பாகத்தையும் அதற்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரே நீளத்தில் சாதாரண அகலமும் கூடுதல் அகலமும் கிடைத்தால் இரண்டையும் வரவழைத்து, ஒரு காலில் ஒன்றும் மறு காலில் மற்றொன்றுமாகப் போட்டு, பிறகு கால் மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பி அனுப்புங்கள்.